வாசற்படி வாத்தியார்

ஒஹையோவில் ஹார்லன் மில்ஸ் என்று ஓர் ஊர். சோளக்காடும் நெடுஞ்சாலையும் சண்டை போட்டுக்கொண்டதில் நடுவே சிந்தியது போல முன்னூறு வீடுகள், ஒரு தேவாலயம், ஒரு பல் டாக்டர். அந்த ஊரில் கடைசியாக ‘ஒருநாள் வீட்டுக்கு வாங்களேன், காபி சாப்பிடலாம்’ என்று சொன்னவர் அந்தப் பல் டாக்டர்தான். வாய் தவறிச் சொல்லிவிட்டார். கேட்டவர் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். மறுநாள் கோழி கூவுமுன் வந்து உட்கார்ந்தவர், டாக்டர், டாக்டரின் மனைவி, மாமியார், வளர்ப்பு நாய் வரை பாலிசி எடுத்த பிறகுதான் எழுந்தாராம். விரட்டவும் முடியவில்லை. வாசல் நிலையிலிருந்து கீப்பர் பார்த்துக்கொண்டே இருந்தது.

கீப்பர் என்பது பட்டாணி அளவில் ஒளிரும் ஒரு கண்ணாடி மணி. வாசல் நிலைக்கு மேலே ஒன்று, தபால் பெட்டியில் ஒன்று, மளிகைக் கடைக் கல்லாவில் ஒன்று, தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம் வைக்கும் அலமாரியில்கூட ஒன்று. எல்லாவற்றையும் இணைப்பது ஊர்க்கோடியிலுள்ள சிக்னல் கோபுரம். ஊர்க்காரர் ஒருவர் இன்னொருவரிடம் ‘தருகிறேன்’, ‘செய்கிறேன்’, ‘வாருங்கள்’ என்று எதைச் சொன்னாலும் காதில் வாங்கி வைத்துக்கொள்ளும். கேட்டவர் உரிமை கோரினால் சொன்னவர் செய்தே தீர வேண்டும். செய்யாவிட்டால் அது ‘சொல் தவறிய வீடு’. அந்த வீட்டு வாசலுக்குப் பனி தள்ளும் வண்டி வராது. மின்சாரம் போய்த் திரும்பினால் ஊர் முழுக்க விளக்கெரிந்து, நாய்க்கூண்டு வரை எரிந்து, கடைசியில்தான் அந்த வீட்டுக்கு எரியும்.

ஊரே வாயைத் தைத்துக்கொண்டது. காதலர்கள் ‘என்றும் உன்னோடு’ என்பதை விட்டுவிட்டு ‘இன்றைய நிலவரப்படி உன்னோடு’ என்று கொஞ்சினார்கள். பாதிரியார் ‘அடுத்த ஞாயிறு சந்திப்போம்’ என்று சொல்லப் பயந்து, ஆமென் சொன்ன கையோடு பின்கதவு வழியாக ஓட்டமெடுத்தார்.

ஆனால் சிரித்துவிட்டுப் போகிற கதையில்லை இது. கீப்பரைக் கொண்டுவந்தவர் டக் ஹாலரன். தீயணைப்பு நிலையத்தில் கேப்டனாக இருந்து ஓய்வுபெற்று, ஊர் மன்றத் தலைவரானவர். சில வருஷங்களுக்கு முன் ஒரு பனிப்புயலில், தனியாக வாழ்ந்த ஒரு பெரியவரின் வீட்டுக் கதவை உடைத்து உள்ளே போனவர் அவர்தான். பெரியவர் நாற்காலியிலேயே உறைந்து போயிருந்தார். ‘எது வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க’ என்று அவருக்கு இருபது பேர் சொல்லியிருந்தார்கள். அவர் கூப்பிட்டும் இருந்தார், இருபது பேரையும். ஒருவரும் எடுக்கவில்லை.

“இனிமே இந்த ஊர்ல யாரும் சும்மா ஒரு வார்த்தை சொல்லக் கூடாது” என்றார் டக், ஊர்க் கூட்டத்தில். கை தூக்காத ஆளில்லை.

இப்பேர்ப்பட்ட ஊருக்குத்தான் சங்கரன்கோவிலிலிருந்து செண்பகவல்லி வந்து இறங்கினாள். முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து பாதி மாவட்டத்தைப் பேச வைத்த வாய். கூடவே கணவர் பூதலிங்கம். சிமெண்டு ஆலைப் புழுதி நெஞ்சில் படிந்து, மூக்கில் குழாயும் காலடியில் உறுமும் மூச்சுப் பெட்டியுமாக இருந்தார். பெட்டி ஓடினால் அவர் ஓடுவார். அதற்காகவே மகள் கோமதி, வீட்டின் நிலவறையில் பீரோ பருமனுக்கு ஒரு பேட்டரி வாங்கி வைத்திருந்தாள். ஊரில் வேறு எந்த வீட்டிலும் அப்படி ஒன்று கிடையாது.

கோமதி பக்கத்து நகரத்தில் மருந்தாளுநர். எதையும் மில்லிகிராமில் யோசிக்கிறவள். அம்மா வந்த முதல் நாளே எச்சரித்தாள்.

“ம்மா, இங்க யாரையும் வீட்டுக்கு வாங்கன்னு சொல்லாத. அது எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருக்கு.”

“கேக்கட்டுமே. நான் என்ன திட்டவா செய்யுதேன்?”

“திட்டினாக்கூட ஒண்ணுமில்ல. கூப்பிட்டாத்தான் வம்பு.”

“அடி பாதகத்தி, வாசல்ல நிக்கற மனுசங்கள வாங்கன்னு சொல்லாம வாயில கொழுக்கட்டையா வச்சிக்கிட முடியும்?” என்ற செண்பகவல்லி, வாசல் நிலையை அண்ணாந்து பார்த்து, “என்ன வாத்தியாரே, சரிதானே?” என்றாள். அன்றிலிருந்து அது வாசற்படி வாத்தியார்.

இரண்டே வருஷத்தில் தபால்காரரை, குப்பை வண்டிக்காரரை, நாயோடு நடக்கிறவர்களை, அந்த நாய்களை, யாரையும் அவள் விடவில்லை. “வீட்டுக்கு வாங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்.” சங்கரன்கோவில் ஆங்கிலம்தான், ஆனாலும் வாத்தியாருக்கு நன்றாகப் புரிந்தது. கேட்டவர்களோ வெடிகுண்டைக் கையில் கொடுத்த மாதிரி பதறிப்போய் நடையைக் கட்டினார்கள். ஒருவரும் உரிமை கோரவில்லை.

வாங்குவதில் கதை நேர்மாறு. யார் எதை நீட்டினாலும், “அய்யய்யோ வேண்டாம், நாங்க நல்லாருக்கோம்.” அவள் ஊரில் முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு, மூன்றாவது தடவை வற்புறுத்தினால்தான் கை நீளும். ஹார்லன் மில்ஸிலோ முதல் ‘வேண்டாம்’ என்றதும் ஆள் போய்விடுவார். டக் ஒருமுறை, நாக்கை எண்ணி எண்ணிப் புரட்டி, “கரண்ட் போனா என் ஜெனரேட்டர்லேர்ந்து உங்களுக்கு ஒரு ஒயர் இழுத்துத் தர்றேன்” என்று சொல்லிவிட்டார். அந்த ஊரில் அது ராஜ்யத்தில் பாதியைத் தருவதற்குச் சமம். “வேண்டாம் தம்பி, நாங்க நல்லாருக்கோம்” என்றாள் செண்பகவல்லி. சொல் ரத்தானது என்று வாத்தியார் அப்போதே அறிவித்துவிட்டது.

அந்தத் தை மாதத்தில் வானம் பனியாகப் பெய்யாமல் மழையாகப் பெய்து, தொட்ட இடத்திலெல்லாம் கண்ணாடியாக உறைந்தது. ஒரு புல் நுனிகூட மிச்சமில்லை. விரல் தடிமனுக்கு ஐஸ் சுமந்த மின்கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. பாதை முழுக்க வழுக்குமரம் படுத்துக்கிடந்தது போல. கோமதியின் கணவன் சிகாகோ விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டான். காலையில் ஊரின் விளக்கெல்லாம் அணைந்த நிமிஷத்தில், வாசல் நிலையிலிருந்து கீப்பரின் குரல் கேட்டது.

“அவசரநிலை. ஊரில் பாக்கியுள்ள எல்லாச் சொற்களும் இப்போது நடப்புக்கு வருகின்றன. இந்த வீடு அழைத்த விருந்தினர் நாற்பத்தோரு பேர். மதியத்துக்குள் கதவு திறக்கப்பட வேண்டும். விருந்தினர் இருக்கும் அறைகள் சூடாக இருக்க வேண்டும்.”

கோமதி அடுப்படிச் சுவரிலிருந்த பேட்டரித் திரைக்கு ஓடினாள். அப்பாவின் அறைக்கு மட்டும் ஹீட்டர் என்றால் மூச்சுப் பெட்டி நாளை மறுநாள் வரை ஓடும். வீடு முழுக்கச் சூடாக்கினால் இன்று பொழுது சாயுமுன் நின்றுவிடும். கதவைத் திறக்காவிட்டாலோ சொல் தவறிய வீடு. ஊருக்கெல்லாம் மின்சாரம் வந்த பிறகு, ஒரு வாரமோ பத்து நாளோ கழித்துத்தான் இங்கே வரும். அதுவரை பேட்டரி தாங்காது. திறந்தாலும் அப்பா, மூடினாலும் அப்பா.

“ஏட்டி கோமு, வெளிய ஆளு நிக்காவ.”

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புல்வெளியின் விளிம்பில், தெருவோரமாக, கோட்டும் போர்வையுமாக ஆட்கள் நின்றார்கள். முதலில் ஐந்தாறு பேர். பிறகு பத்து. தபால்காரர். பல் டாக்டர், மாமியாரோடு. டக் ஹாலரன், தலையில் பழைய தீயணைப்புத் தொப்பியோடு. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் லூயிஸ் அம்மையார், எண்பதை எட்டப்போகிறவர், தபால் பெட்டியின் இரும்புக் கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒருவரும் அழைப்பு மணியை அடிக்கவில்லை. ஒருவரும் பேசவில்லை. வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“வசூலுக்கு வந்து நிக்கிறாங்க” என்றாள் கோமதி. “மதியம் வரை நிப்பாங்க. அதுவரை திறக்கலைன்னா நம்ம கழுத்துல கத்தி.”

“அப்ப திறந்துவிடு. இந்த மழையில மாடுகூட நிக்காது.”

“அப்பாவப் பாத்தியா?”

செண்பகவல்லி உள்ளறையைப் பார்த்தாள். பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பூதலிங்கம் கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, மூச்சைச் சிக்கனமாகச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

“எல்லாம் உன் வாயால வந்தது. தர்றேன்னு வந்த ஜெனரேட்டர வேண்டாம்னே. வராம இருந்தவங்கள வா வான்னே.”

செண்பகவல்லி கதவை நோக்கி நடந்தாள். கோமதி குறுக்கே போய்க் கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

“திறப்போம்மா. மதியத்துக்குக் கொஞ்சம் முன்னாடி திறப்போம். அதுவரைக்கும் திறக்காம இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அப்பாவோட மூச்சு.”

கணக்குச் சரிதான். அவள் கணக்கு என்றைக்குத் தப்பியது? முதுகுக்குப் பின்னால் மரக்கதவு ஐஸ்கட்டியாகச் சில்லிட்டது. பத்து வண்டி சோடா பாட்டிலைக் கொட்டி உடைக்கிற சத்தத்தில் எங்கோ ஒரு மரம் சரிந்தது. கோமதி ஜன்னலைப் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டாள். பார்த்தபோதெல்லாம் கூட்டம் பெருகியிருந்தது. யாரோ லூயிஸ் அம்மையாரின் தோளில் தன் போர்வையைப் போட்டார்கள். அவர் கம்பத்தை விடவில்லை. விட்டால் விழுந்துவிடுவார். மழை நின்று, காற்று பிடித்தது. அது மழையைவிடக் கொடியது.

“கோமு…” உள்ளிருந்து அப்பாவின் குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. “வெளிய… யாரு?”

“யாருமில்லப்பா. காத்து.”

மதியத்துக்கு ஒரு நொடி பாக்கி வைத்துத்தான் திறந்தாள் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் கொஞ்சம்தான்.

“வாங்க! வாங்க வாங்க!” என்று செண்பகவல்லி மகளின் தோளுக்கு மேலாகக் கூவினாள். கூட்டம் அசையவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். டக்தான் முதலில் நடந்து வந்தார். வாசலில் நின்று, “நிஜமாவே வரலாமா?” என்று கேட்டார். இந்த நேரத்தில் இதென்ன கேலி என்று கோமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நாற்பத்தோரு பேர் அந்த வீட்டுக் கூடத்தில் எப்படி அடங்கினார்கள் என்பதை எந்த எஞ்சினியரும் விளக்க முடியாது. சோபாவின் மேல் சோபா போட்டது போல உட்கார்ந்தார்கள். தபால்காரர் புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டில் ஏறினார். கோமதி விதிப்படி எல்லா அறைக்கும் ஹீட்டரைப் போட்டுவிட்டுத் திரையின் முன்னால் நின்றாள். பேட்டரிக் கோடு இறங்கியது. ஓட்டை வாளியில் தண்ணீர் இறங்குவது போல, கண் பார்க்கப் பார்க்க இறங்கியது.

டக் அவள் முகத்தைப் பார்த்தார். “ஏதாவது பிரச்சினையா?”

செண்பகவல்லி பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டாள். “ஒண்ணுமில்ல தம்பி. நாங்க நல்லாருக்…”

“நல்லா இல்ல!” என்று கோமதி கத்தினாள். “நாங்க நல்லா இல்ல. எங்கப்பாவோட மூச்சு மெஷின் இந்த பேட்டரியில ஓடுது. உங்களுக்கெல்லாம் சூடு வச்சா பொழுது சாயறதுக்குள்ள நின்னுரும். உங்க ஜெனரேட்டர் வேணும். அன்னைக்கி வேண்டாம்னு சொன்னது பொய். எங்களுக்கு வேணும்.”

அப்படி வாய்விட்டு ஒரு பொருளைக் கேட்டது அவர்கள் பரம்பரையிலேயே கிடையாது. செண்பகவல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“என் கராஜ் மேல ஓக் மரம் விழுந்திருச்சு” என்றார் டக். “ஜெனரேட்டர் அதுக்கடியில அப்பளம். அதனாலதான் நானே இங்க நிக்கிறேன்.” பிறகு, தீ விபத்தில் ஆட்களை விரட்டும் குரலில், “முதல்ல ஹீட்டர நிறுத்துங்க. எல்லா ஹீட்டரையும்.”

“வாத்தியார்… கீப்பர், அறை சூடா இருக்கணும்னு…”

“இருக்கும். ஒரு மனுஷ உடம்பு அந்தக் காலத்துக் குண்டு பல்பு ஒண்ணு மாதிரிங்க. சும்மா உக்காந்திருந்தாலே அவ்வளவு சூடு விடும். நாற்பத்தோரு பல்பு உள்ள வந்திருக்கு. கீப்பருக்கு நாங்க செலவு மட்டும்தான். நாங்களே அடுப்புங்கறது அதுக்குத் தெரியாது.”

கோமதி ஹீட்டரை நிறுத்தினாள். கோடு நின்றது. தரையோடு தரையாக இறங்கவிருந்த கோடு அப்படியே நின்று, பெட்டியின் உறுமலுக்கு மட்டும் எறும்பளவு அசைந்தது.

அப்பாவைக் கட்டிலோடு கூடத்து ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மூச்சுக்காக ஒரு ஜன்னலை விரற்கடை திறந்து வைத்தார் டக். போர்வைகள் கழன்றன, கோட்டுகள் கழன்றன. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கண்ணாடியில் வியர்வை வழிந்தது. பல் டாக்டரின் மாமியார் கைக்குட்டையால் விசிறிக்கொண்டார். கூடாரப் பயணத்துக்கு வைத்திருந்த கேஸ் அடுப்பில் மிளகு ரசம் கொதித்தது. அதைக் குடித்த தபால்காரருக்குப் பத்து வருஷத்துச் சளி ஒரே தும்மலில் போய்விட்டதாக அவரே சத்தியம் செய்தார். பூதலிங்கம் கண்ணைத் திறந்து நாற்பத்தோரு முகத்தையும் பார்த்தார்.

“என்ன செம்பகம்… கோமுக்கு… மறுபடி கல்யாணமா?”

செண்பகவல்லி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போதுதான் லூயிஸ் அம்மையார் ரசக் கிண்ணத்தை வாங்காமல், கைகளை மடியிலேயே வைத்திருப்பதைக் கோமதி கவனித்தாள். நூல் கையுறை நனைந்து, உறைந்து, தோலோடு ஒட்டியிருந்தது. மெல்லக் கழற்றினாள். வலது கையில் மூன்று விரல்கள் மெழுகு போல வெளுத்திருந்தன.

“வலிக்குதா?”

“இல்லையே. ஒண்ணுமே தெரியல” என்றார் லூயிஸ், ஏதோ நல்ல செய்தி போல.

மருந்தாளுநருக்குத் தெரியும், அது நல்ல செய்தியில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் விரல்களை முக்கி, துணி சுற்றி, அவள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தாள். தண்ணீரில் உணர்வு திரும்பியபோது அம்மையார் உதட்டைக் கடித்துக்கொண்டார். இரண்டு விரல்களில் திரும்பவில்லை.

“உங்களுக்கு உரிமை இருந்துச்சே. பெல் அடிச்சிருக்கலாமே” என்றாள் கோமதி. குரல் கோபமாகத்தான் வந்தது. “ஏன் யாரும் அடிக்கல?”

லூயிஸ் டக்கைப் பார்த்தார். டக் தொப்பியைக் கையில் சுழற்றினார்.

“உரிமை எங்கங்க இருந்துச்சு? கோபுரம் காலையிலேயே விழுந்திருச்சு. கரண்ட் போன கொஞ்ச நேரத்துல. நான் கண்ணால பாத்தேன். கீப்பர் செத்துப்போச்சு. எங்க வீட்டு மணியெல்லாம் அணைஞ்சு கிடக்கு.”

“எங்க வீட்ல எரியுதே.”

“உங்க பேட்டரியில எரியுது. கடைசியா கேட்டத வச்சிக்கிட்டு அதுவா உளறிட்டிருக்கு.”

“அப்ப நாங்க திறக்காம இருந்திருந்தா?”

“ஒண்ணும் ஆகியிருக்காது. அது எங்க எல்லாருக்கும் தெரியும்” என்றார் டக். “சர்ச்சு ஹீட்டரும் போச்சு. போறதுக்கு வேற இடமில்ல. இந்த ஊர்ல எங்கள வாங்கன்னு சொன்ன வீடு இது ஒண்ணுதான். ஆனா உரிமை இல்லாம எப்படி பெல் அடிக்கிறது? நாங்க அதெல்லாம் மறந்துட்டோம். கதவு தானா திறக்குமான்னு பாத்துக்கிட்டு நின்னோம்.”

கோமதியின் முதுகில் அந்தக் கதவின் சில்லிப்பு இன்னும் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் வசூலுக்கு வரவில்லை, பிச்சைக்கு வந்திருந்தார்கள்.

“என்ன சொல்லுதாவ?” என்று செண்பகவல்லி கேட்டாள். அம்மையாரின் ஆங்கிலம் அவளுக்குப் புரியும், டக்கின் ஆங்கிலம் எப்போதும் வேகம்.

“ஒண்ணுமில்லம்மா. அப்புறம் சொல்றேன்.”

அன்றிரவு முழுக்க மூச்சுப் பெட்டி நிற்கவில்லை. விடிந்தபோது பேட்டரியில் பாதி மீதியிருந்தது. சாலையில் உப்பு தூவிக்கொண்டு வண்டிகள் வந்தன. தற்காலிகக் கோபுரம் ஒன்றை லாரியில் நிறுத்தினார்கள். தெருத்தெருவாக விளக்கு எரிந்தது. ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பூதலிங்கத்தின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் ஒரு சொல் பேசி, நாற்பது பேருக்கும் மூச்சு போதுமாக வைத்திருந்தார்.

கடைசியாக லூயிஸ் அம்மையார். துணி சுற்றிய கையால் கோட்டைப் பூட்டிக்கொள்ள முடியவில்லை. கோமதி வாசலில் முழந்தாளிட்டு, கீழேயிருந்து பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

“இந்த ஞாயிறு வேற யாராவது வாசிக்கட்டும்” என்றார் அம்மையார். “அடுத்த ஞாயிறும்.”

தலைக்கு மேல் வாசல் நிலையில் கண்ணாடி மணி சிமிட்டியது. ஒன்று, இரண்டு முறை. பிறகு பச்சையாக எரிந்தது.

“இணைப்பு திரும்பியது. சரிபார்க்கப்பட்டது. இந்த வீடு தன் சொல்லைக் குறித்த நேரத்துக்குள் காப்பாற்றியது. இந்த வீடு தர வேண்டிய பாக்கி இனி எதுவும் இல்லை.”

செண்பகவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. “கேட்டியா கோமு! வாத்தியாரே சொல்லிட்டாரு!”

கோமதி அண்ணாந்து பார்க்கவில்லை. அம்மையாரின் கழுத்தருகே ஒரு பொத்தான் பாக்கியிருந்தது. பொத்தான் மாட்டும் காது சின்னதாக இருந்ததால் அது மாட்டாமல் நழுவிக்கொண்டே இருந்தது.